கண் மூடாத கத்தரிக்காய்கள்

சுயசிந்தனை என்னும் அரும்பொருள் குமரி மாவட்டத்தில் இன்றளவும் தட்டுப்பாடின்றிக் கிடைக்கிறதென்றால், அதற்கு ஆறுமுகப்பெருமாள் ஒருவரே காரணம். முகநூலில் அவருக்கு நாலாயிரத்து எண்ணூறு வாசகர்கள். அவர் யாரையும் காப்பியடித்ததில்லை. 'உந்துதல்' மட்டுமே பெறுவார்.

இந்தக் கலையை அவருக்குக் கற்றுக்கொடுத்தது அலுவலகம். போன வருடக் கடிதத்தை எடுத்துப் பெயரையும் தேதியையும் திருத்தினால் இந்த வருடக் கடிதம் தயார். இருபத்தெட்டு வருடப் பணியில் ஒரு கடிதத்தைக்கூட அவர் முதலிலிருந்து எழுதியதில்லை; ஒன்றுகூடத் திரும்பி வந்ததுமில்லை. மாசற்ற இந்த நடைமுறையை இலக்கியத்துக்கும் நீட்டித்தார். மாலையில் வடசேரி பேருந்து நிலையத்தில் நிற்கும் அரைமணி நேரம் அவருக்குத் தவம். கண்ணில் பட்டது, காதில் விழுந்தது எல்லாம் கைபேசிக் குறிப்பில் ஏறிவிடும்.

திருமண நாள் வந்தது. மனைவி அழகியநாயகி பேசுவதுபோல ஒரு கவிதை போட நினைத்தார். தேடியபோது, லீமா என்ற கடற்கரைப் பெண் எழுதியது அகப்பட்டது. கடலுக்குப் போன கணவனுக்காக, கண் மூடாத மீன்கள் கிடக்கும் கூடையோடு கரையில் காத்து நிற்பவளின் கவிதை. பன்னிரண்டு பேர்தான் விரும்பியிருந்தார்கள். நல்ல கவிதை ஒன்று இப்படி வீணாவதை அவரால் பொறுக்க முடியவில்லை.

சைவக் குடும்பம் ஆதலால் மீனைக் கத்தரிக்காய் ஆக்கினார். கடல் வயலாயிற்று, கரை வரப்பாயிற்று.

'வயலுக்குப் போனவனே, மூன்று நாளாய் வரப்பில் நிற்கிறேன். கூடையில் கத்தரிக்காய்கள் கண் மூடாமல் உன் வழி பார்க்கின்றன.'

'நாலாம் நாள் கடல் மட்டும் வந்தது' என்று லீமா முடித்திருந்தாள். திருமண நாளுக்கு அது சரிப்படாது. 'நாலாம் நாள் நீ வந்தாய், வீடு வெளிச்சமானது' என்று மாற்றினார்.

அழகியநாயகி இரண்டு முறை படித்தாள்.

"வயலை வித்து பிளாட்டு போட்டு பதினோரு வருசமாச்சே. நான் எந்த வரப்புல நின்னேன்?"

"அது குறியீடு."

"கத்தரிக்காய்க்கு ஏது கண்ணு?"

"அதுவும் குறியீடுதான்."

அவள் பிறகு கேட்கவில்லை. கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவர் அவளுக்கு எழுதியது, 'பால் வாங்கணுமா' என்ற வாட்ஸ்அப் மட்டும்தான். இதுவாவது தனக்கு வந்ததே என்று கொஞ்சம் சந்தோஷப்பட்டாள்.

கவிதை பிய்த்துக்கொண்டு ஓடியது. கத்தரிக்காய் விழித்திருப்பதை உலகில் இதுவரை எவரும் கண்டதில்லை என்று குமரி முகநூல் படைப்பாளர் பேரவைத் தலைவர் ஹரிகுமார் அறிவித்தார். ஏழு பேர் கொண்ட உயர்மட்டக் குழு கூடி, தேநீர் அருந்தி, 'தற்படைப்புச் செம்மல்' விருதுக்கு அவரை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது.

விழா அன்று சால்வை போர்த்தியானதும், கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்து மைக்கைக் கேட்டாள். வாசகி என்று நினைத்து ஹரிகுமார் கொடுத்துவிட்டார்.

"எனக்க பேரு லீமா. இந்தக் கவிதைய மீனும் கடலுமா முதல்ல எழுதினது நான்தான்."

ஆறுமுகப்பெருமாள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். 'உந்துதல்' என்ற சொல் தொண்டைவரை வந்து நின்றது.

"சண்டைக்கு வரல்ல சார்," என்றாள் லீமா. "கடைசி வரிக்குத்தான் வந்தேன். நான் எழுதினதுல கடலுக்குப் போன எனக்க மாப்பிள்ள, அவிய வரல்ல. நெசத்துலயும் வரல்ல. ஒங்க கவிதையில வந்திற்றாவ. படிச்சுட்டு எந்திரிச்சு வாசல் லைட்டப் போட்டேன். அந்த ஒரு வரிய நான் எடுத்துக்கிடட்டா? அது ஒங்க சொந்த வரியில்லியா, அதான் கேட்டு எடுக்கேன்."

ஆறுமுகப்பெருமாளுக்கு வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொல்ல வாய் திறந்தார்.

"எடுத்துக்கிடும்மா" என்றுதான் வந்தது.

லீமா கைகூப்பினாள். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. இந்தப் பெருந்தன்மைக்காகப் பேரவை அவருக்கு இரண்டாவது சால்வையும் போர்த்தியது.

விழா முடிந்து கணவனும் மனைவியும் வடசேரியில் பஸ்ஸுக்கு நின்றார்கள். இரண்டு சால்வையையும் அழகியநாயகிதான் வைத்திருந்தாள். எதிரே, எல்.இ.டி. பல்பு விளம்பரப் பலகை. அவள் அதை எழுத்துக் கூட்டுவதுபோல் நிதானமாக வாசித்தாள்.

"'நீ வந்தாய், வீடு வெளிச்சமானது.'"

அவர் பஸ் வரும் திசையைப் பார்த்தார்.

"தாலியறுத்த பிள்ளை வந்து கைநீட்டி நிக்கா. அதுக்குக் குடுக்க ஒங்ககிட்ட சொந்தமா ஒரு வரி இல்லாமப் போச்சே" என்றாள்.

சுருக்கென்று தைத்தது. கண் கலங்கிவிட்டது. அந்த வாக்கியம் மறந்துவிடக் கூடாதே என்று ஆறுமுகப்பெருமாள் அவசரமாகக் கைபேசியை எடுத்துக் குறித்துக்கொண்டார்.