இளங்கால் நலக் காப்புக் குழுவின் அவசரத் தீர்மானம்

மனித குலத்தில் அக்கறை என்ற குணம் இன்னும் அழியவில்லை. அது எங்கள் வீட்டு மாடி அறையில் பத்திரமாக இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள், மாலை ஐந்து மணிக்கு, எட்டு நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறது.

அந்த அறைக்குத் 'தலைமையகம்' என்று பெயர். இளங்கால் நலக் காப்புக் குழு அங்கேதான் கூடும். எங்கள் ஊர்க் கால்பந்து அணியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளம் வீரர்களின் உடம்பில், சீசன் தொடங்கும்வரை ஒரு கீறல்கூட விழாமல் பார்த்துக்கொள்வது குழுவின் நோக்கம். இப்படி ஒரு குழு இருப்பது அந்த வீரர்களுக்குத் தெரியாது. தொண்டு என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

குழு பிறந்ததற்குக் காரணம் உண்டு. போன வருடம் சீசனுக்கு முன்பே இரண்டு புதியவர்கள் காயத்தில் படுத்துவிட்டார்கள். ஒருவன் பயிற்சி ஆட்டத்தில் கோல் போட்ட சந்தோஷத்தில் குட்டிக்கரணம் அடித்துத் தோளை இறக்கிக்கொண்டான். இன்னொருவன் குளியலறையில் சோப்பை மிதித்தான். அணி கடைசி இடத்துக்குப் போனது. அப்பா பதினோரு நாள் சவரம் செய்துகொள்ளவில்லை.

இந்த வருடம் அப்படி நடக்கக் கூடாது என்று அப்பா குழுவைத் தொடங்கினார். அவரே தலைவர். சித்தப்பா துணைத் தலைவர். கெட்டதை முன்கூட்டியே சொல்வது அவர் பொறுப்பு. சலூன்காரர் களப் பார்வையாளர். அவர் கடைக் கண்ணாடியில் பயிற்சி மைதானம் முழுவதும் தெரியும். தையல்காரர் அளவுத் துறை. தொடையைத் தூரத்திலிருந்து பார்த்தே அங்குலம் சொல்லுவார். இன்னும் மூன்று பேர் தலையாட்டும் உறுப்பினர்கள். எட்டாவது ஆள் நான். மருத்துவச் செயலாளர்.

"நான் படிச்சது தாவரவியல், சித்தப்பா" என்று அப்போதே சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். நான் எதையும் மெதுவாகத்தான் சொல்வேன்.

"அதனால என்ன? செடிக்கும் தண்டு இருக்கு, மனுஷனுக்கும் முதுகுத்தண்டு இருக்கு. மேல ஆக வேண்டியதைப் பாரு."

விதைப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. நூறு விதை போட்டால் எத்தனை முளைத்தது என்று எண்ணுவேன். இந்தத் தகுதியோடு பத்தொன்பது வயது வீரர்களின் தசைநார்களுக்கு நான் பொறுப்பேற்றேன். கூட்டக் குறிப்பு எழுதுவதும் நான்தான்.

அப்பா 'நடைப் பதிவேடு' ஒன்று வைத்திருந்தார். ஒவ்வொரு புது வீரனுக்கும் பத்துப் பக்கம். எந்தக் கால் முதலில் ஊன்றுகிறது, பேருந்தைவிட்டு இறங்கும்போது எந்தக் கை கம்பியைப் பிடிக்கிறது, எல்லாம் அதில் இருக்கும். அதிகப் பக்கங்கள் முயலுக்கு. முயல் என்பது பத்தொன்பதாம் எண் சட்டைக்காரனுக்குக் குழு வைத்த பெயர். அவ்வளவு வேகம்.

"நூறு பேர் நடந்தாலும் என் முயல் நடையைக் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லிடுவேன்" என்பார் அப்பா. யாரும் கண்ணை மூடச் சொல்லவில்லை.

சீசனுக்கு மூன்று வாரம் இருந்தபோது அந்த இடி விழுந்தது. கூட்டம் நடந்துகொண்டிருந்தது. சலூன்காரர் கத்தரிக்கோலோடு ஓடி வந்தார்.

"அண்ணே, மனசைத் திடப்படுத்திக்கங்க. முயல் இன்னைக்கு இடது முழங்காலைத் தொட்டான்."

தலையாட்டும் உறுப்பினர்கள்கூடத் தலையாட்டுவதை நிறுத்தினார்கள்.

"எத்தனை தடவை?" என்றார் அப்பா.

"ரெண்டு தடவை. ஒருத்தருக்குப் பாதி மீசை எடுத்திருந்தேன். அப்படியே விட்டுட்டு ஓடி வந்துட்டேன்."

"மீதி மீசை?"

"கடையிலதான் இருக்கு. அவரும் நம்ம அணிதான். 'போய்ச் சொல்லிட்டு வாங்க, நான் இப்படியே இருக்கேன்'னுட்டாரு."

முகம் தெரியாத அந்த மனிதரின் தியாகத்தைக் குறிப்பில் பதிவு செய்தேன்.

"தடவினானா, அமுக்கினானா?"

"சொறிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு."

"மறைக்கிறான்" என்றார் சித்தப்பா. "வலியை மறைக்கிறவன்தான் சொறிவான். வலி இல்லாதவன் எதுக்குச் சொறியணும்?"

"கொசுவா இருக்கலாமே" என்றேன் நான். யாருக்கும் கேட்கவில்லை. எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அப்போது படிக்கட்டுப் பக்கம் 'க்ளக்' என்று ஒரு சத்தம் வந்தது. கொஞ்சம் இடைவெளி. மறுபடி 'க்ளக்'.

"இந்தக் கதவுக்கு எண்ணெய் போடணும்னு எத்தனை தடவை சொல்றது!" என்றார் அப்பா.

கதவு திறந்தேதான் இருந்தது. சத்தம் போட்டது அம்மாவின் இடது முழங்கால்.

சமையலறை கீழே, தலைமையகம் மேலே. நடுவில் பதினேழு படிகள். டீ கொண்டுவர ஒரு தடவை, காலி டம்ளர் எடுக்க ஒரு தடவை. மூன்று மாதமாக அம்மாவின் முழங்கால் வீங்கியிருந்தது. அம்மா தட்டை வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்து நின்றாள்.

"அண்ணி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. முழங்கால் மறைக்குது" என்றார் சித்தப்பா. அதற்குள் தலைமையக டிவியில் பழைய ஆட்டப் பதிவு ஒன்றை நிறுத்தி, முயலின் முழங்காலைத் திரை முழுவதும் பெரிதாக்கியிருந்தார்கள்.

அம்மாவுக்கு இரண்டு முறை டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தேன். முதல் தடவை கிளம்பும்போது, ஏணி என்ற உயரமான கோல்கீப்பர் பயிற்சியில் தும்மினான் என்று செய்தி வந்தது. கார் மைதானத்துக்குப் போனது. இரண்டாம் தடவை அதே ஏணி தும்மவில்லை. அது ஏன் என்று விசாரிக்கக் கார் போனது. நாம் வாடகைக் காரில் போகலாம் என்றால் அம்மா கேட்கமாட்டாள்.

"டாக்டர் ஆபரேஷன்னு சொல்லிட்டா ஒத்தையா நின்னு கேட்டுக்க எனக்குத் தெம்பில்லடி. அப்பா பக்கத்துல இருக்கணும். சும்மா இருந்தா போதும்."

மூன்றாவதாகச் செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு நேரம் கிடைத்தது. கூட்டம் முடிந்ததும் அப்பாவிடம் சொன்னேன்.

"செவ்வாயா? அன்னைக்கு முயலுக்கு ஸ்கேன்மா."

"அதுக்கு நீங்க எதுக்குப்பா?"

"ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கணும்ல?"

"நின்னு?"

"நிக்கறதுதான். பெத்தவங்க எங்கேயோ இருக்காங்க. சின்னப் பிள்ளை ஒத்தையா ஸ்கேனுக்குப் போகுது. நம்மாளு ஒருத்தர் பக்கத்துல வேண்டாமா? என்ன சொல்லுவாங்களோன்னு எவ்வளவு பயந்துக்கிட்டிருக்கும்!"

அப்பாவின் கண் கலங்கியிருந்தது. அவ்வளவு ஈரமான ஒரு நெஞ்சத்தின் முன் நான் என்ன பேச முடியும்?

செவ்வாயன்று குழு முழுவதும் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. முயல் பின்வாசல் வழியாகப் போய்விட்டான். மாலையில் கிளப் அறிக்கை விட்டது: முழங்காலில் கோளாறு எதுவும் இல்லை, கொசு கடித்திருக்கிறது.

"கொசுவாம்!" என்று சித்தப்பா சிரித்தார். "ஊசி போட்டதை எவ்வளவு நாசூக்கா சொல்றாங்க பாருங்க."

மறுநாள் அம்மாவின் டாக்டரிடமிருந்து எனக்குப் போன் வந்தது. மூன்று தடவை வரவில்லையே, அம்மா படியில் இறங்குவதை வீடியோ எடுத்தாவது அனுப்புங்கள், அவசரமா என்று பார்க்கிறேன் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எடுத்தேன். அம்மா பத்தொன்பதாம் எண் போட்ட அணியின் கால்சட்டை அணிந்திருந்தாள். அப்பா ஆசையாக வாங்கியது. முதல் துவைப்பிலேயே சுருங்கிவிட்டது. படியில் கால் தடுக்காமல் இருக்கும் என்று அம்மா எடுத்துக்கொண்டாள்.

"முகத்தை எடுக்காத. இன்னும் தலை வாரல."

"கால் மட்டும்தான்மா."

"கால் மட்டும் என்ன, வாரியா விட்டிருக்கு?"

சிரித்துக்கொண்டே இறங்க ஆரம்பித்தவள் மூன்றாவது படியில் சிரிப்பை நிறுத்தினாள். கம்பியைப் பிடித்தாள். இடது காலை ஊன்றாமல் தொங்கவிட்டு, மூச்சை இழுத்து, பிறகு ஊன்றினாள். பன்னிரண்டு நொடி. சாம்பல் சுவர், இரும்புக் கம்பி, பத்தொன்பது என்ற எண், ஒரு முழங்கால். வேறு எதுவும் படத்தில் இல்லை.

டாக்டருக்கு அனுப்பினேன். நலக் காப்புக் குழுவின் வாட்ஸ்அப்புக்கும் போய்விட்டது. விரல் தவறியது. விரல் தவறியதாகவே பதிவு செய்கிறேன். அழித்துவிடலாம் என்று நினைத்தேன். என்ன ஆகிறது என்று கொஞ்சம் பார்க்கலாம் என்றும் நினைத்தேன். விதையைப் போட்டுவிட்டுக் காத்திருந்து பழகியவர்களின் கெட்ட பழக்கம் அது.

ஒரே நிமிடத்தில் முளைத்தது.

"ஐயோ, முயல்!!!" என்று சலூன்காரர் எழுதினார். "நான் அன்னைக்கே சொன்னேன்" என்று சித்தப்பா எழுதினார். "எங்கிருந்து கிடைத்தது?" என்று ஒருவர் கேட்டார். "மிக நம்பகமான இடத்திலிருந்து" என்று எழுதினேன். அது பொய் இல்லை.

தலைமையகத்திலிருந்து அப்பா தடதடவென்று இறங்கி வந்தார். அம்மா இன்னும் படியில்தான் நின்றிருந்தாள்.

"தள்ளு, தள்ளு! முயலுக்கு ஆபத்து!"

அம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அப்பா வாசலுக்குப் போய் எல்லோரையும் வரவேற்றார்.

"எட்டு டீயா?" என்று மட்டும் அம்மா என்னிடம் கேட்டாள்.

இருபது நிமிடத்தில் அவசரக் கூட்டம் தொடங்கியது. டிவியில் வீடியோ ஓடியது. மூன்றாவது படியில் அப்பா நிறுத்தினார். குழுவின் அறிவுத்திறன் முழுமையாக வெளிப்பட்ட நேரம் அது. அதை நான் மறக்கவே மாட்டேன்.

"ஊனவே முடியல பாருங்க. இது ஒரு நாள் வலி இல்லை" என்றார் சலூன்காரர். "குறைஞ்சது மூணு மாசம்."

"வீக்கம் கால்சட்டைக்கு மேலேயே தெரியுது" என்றார் சித்தப்பா. "இந்தக் காலை வச்சுக்கிட்டுத் தினமும் படி ஏறி இறங்க விட்டிருக்கானுங்க!"

"வெறுங்காலோட!"

"டாக்டர்கிட்ட காட்டியிருப்பாங்களா?"

"எங்க காட்டியிருப்பாங்க? 'சீசன் முடியட்டும்'னு சொல்லியிருப்பாங்க. இவனும் வாயைத் திறக்காம இருந்திருப்பான். தங்கமான பிள்ளை."

அப்பா எழுந்தார்.

"எழுதும்மா. 'வலியில் துடிக்கும் இந்தக் காலைப் பார்த்தும் பாராமல் மூன்று மாதம் வேலை வாங்கியவரை இக்குழு வன்மையாகக் கண்டிக்கிறது. அவர் கண்ணிருந்தும் குருடர். அவர் மனிதரே அல்லர். இந்தக் காலுக்கு உடனடி ஓய்வும் சிகிச்சையும் வேண்டும். ஆஸ்பத்திரிக்கு அவரே அழைத்துச் சென்று பக்கத்தில் நிற்க வேண்டும்.' பேருக்கு மட்டும் இடம் விடு. எந்த அதிகாரின்னு விசாரிச்சு நிரப்பிக்கலாம்."

பெயருக்கு இடம் விட்டேன். இரண்டு வரி அளவுக்குத் தாராளமாகவே விட்டேன்.

முதல் கையெழுத்து அப்பாவுடையது. கீழே இரண்டு கோடு இழுத்தார். மற்றவர்கள் வரிசையாகப் போட்டார்கள். கடைசியாகத் தையல்காரரிடம் பேனா போனது. அவர் கையெழுத்தைப் போட்டுவிட்டு, டிவி பக்கத்தில் போய்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்தார்.

"அண்ணே."

"என்னப்பா?"

"கால்சட்டை ஓரத்தைப் பாருங்க. பச்சை நூல்."

"அதனால?"

"கறுப்பு நூல் தீந்துபோய் பச்சையில நான்தான் மடிச்சுத் தைச்சேன். சுருங்கினதை அண்ணி அளவுக்கு மாத்தித் தரச் சொல்லி உங்க வீட்டுலேருந்துதானே கொடுத்துவிட்டாங்க?"

படிக்கட்டில் 'க்ளக்' என்றது. இடைவெளி. 'க்ளக்'.

"கதவுக்கு..." என்று ஆரம்பித்தார் அப்பா. முடிக்கவில்லை. எண்ணிக்கொண்டிருந்தேன், பதினேழாவதும் கேட்டது.

அம்மா தட்டோடு வாசலில் நின்றாள். டிவியில் ஒரு முழங்கால், வாசலில் ஒரு முழங்கால். இரண்டிலும் பத்தொன்பது.

"யாருக்குச் சர்க்கரை வேணாம்?" என்று கேட்டவள் எல்லோரையும் பார்த்தாள். "என்ன, எல்லாரும் என் காலையே பாக்கறீங்க? ஏதாவது ஊருதா?"

சித்தப்பா, வாழ்க்கையில் முதல் தடவையாக, எதையும் முன்கூட்டியே சொல்லவில்லை. அப்பா மெதுவாகப் போய்த் தட்டை வாங்கிக்கொண்டார். தன் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரு."

"தலைவர் நாற்காலியாச்சே இது?"

"உக்காரும்மா."

பிறகு என் பக்கத்தில் வந்து, நான் பேசுகிற குரலில் அவர் பேசினார்: "அந்தத் தீர்மானத்தை அடிச்சிடலாமா?"

"முடியாதுப்பா" என்றேன். எல்லோருக்கும் கேட்டது. "ஒருமனதா நிறைவேறிடுச்சு."

இளங்கால் நலக் காப்புக் குழு இதுவரை நிறைவேற்றிய தீர்மானங்களில் மிகச் சிறந்தது அதுதான். அதன் ஒவ்வொரு சொல்லும் அப்பாவுடையது. நான் சேர்த்தது விட்டுவைத்த இடத்தில் பெயரை மட்டும். முழுப் பெயர், இனிஷியலோடு.

இன்னொரு வரி மிச்சம் இருந்தது. மூன்று மாதம் அந்த டீயைக் குடித்துக்கொண்டே குறிப்பு எழுதியவளின் பெயரை அங்கே எழுதினேன். அவளுடைய இனிஷியலும் அப்பாவின் பெயர்தான்.