தாலியில் கிடந்த ஊக்கும் ஷாலினியின் காந்தமும்

மதிப்பிற்குரிய வானமாமலை அத்தானுக்கு, தாராவியிலிருந்து மைத்துனன் இசக்கிதுரை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் சுகம். அக்காவுக்கு முழங்கால் வலி தேவலை என்று நம்புகிறேன். மரியாதை முடிஞ்சுது, இனி விஷயத்துக்கு வாரேன்.

நீங்க கொண்டுவந்த பாண்டுப் ஏரியா சம்பந்தம் முறிஞ்சதுக்கு என் மக ஷாலினிதான் காரணம்னு ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்கியளாம். நடந்ததைக் கேளுங்க. பொண்ணு பார்த்து, பூவும் வச்ச பொறவு, மாப்பிள்ளையோட அப்பா சுரேந்திரன், "மருமக என்னமோ ஆராய்ச்சி பண்ணுதாளாமே, அதையும் பார்த்துருவோம்"னாரு. குடும்பத்தோட அவ காலேஜ் ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போனோம். நான் பழைய பிளாஸ்டிக்கை அரைச்சுக் குருணையாக்கி விக்கேன். என் மக பிளாஸ்டிக்குல கண்ணுக்குத் தெரியாத துகளைக் கலந்து, அது உள்ள எப்படிப் புடிச்சுட்டு நிக்குன்னு பெரிய காந்த மெஷின்ல வச்சுப் பாக்கா. அதுக்கு மேல எனக்குத் தெரியாது, பெருமைப்பட இது போதும்.

செல்லு, சாவி, பெல்ட்டு எல்லாத்தையும் வாசல்லயே வைக்கச் சொன்னா. சம்பந்தியம்மா செண்பகவல்லி தாலியைப் புடிச்சுட்டு முழிச்சாவ. "பயப்படாதீங்க அத்தை, தங்கத்தைக் காந்தம் இழுக்காது"ன்னா ஷாலினி. சரியாத்தான் சொன்னா. ஆனா நம்ம பொம்பளைக தாலிச் செயின்ல இரும்பு ஊக்கைக் கோத்து வச்சிருப்பாவளே, அது ஒருத்தருக்கும் நெனப்பு வரலை. அந்தம்மா ஆசையில தரையில போட்டிருந்த மஞ்சக் கோட்டைத் தாண்டிக் குனிஞ்சாவ, தாலி அப்படியே எந்திரிச்சு மெஷினைப் பார்த்து நீட்டிட்டு நின்னுச்சு. ஷாலினி பாய்ஞ்சு அவுகளைப் பின்னால இழுத்தா. மாப்பிள்ளை மாரீஸ்வரன் சிரிச்சுட்டான், அவங்கப்பாதான் லஃப்டா, அதான் ரகளை, பண்ணி எல்லாரையும் இழுத்துட்டுப் போயிட்டாரு. மறுநாள் பொண்டாட்டியோட வந்து சொன்னாரு: "நான் உசுரோட இருக்கையிலயே என் பொண்டாட்டி தாலியை இழுக்குது, இந்தப் படிப்பு எங்க குடும்பத்துக்கு ஆகாது. அவ பயந்து சோறு திங்க மாட்டேங்கா. படிப்பை நிறுத்துனாத்தான் கல்யாணம்." அந்தம்மா ஒரு வார்த்தை பேசலை. ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாவ.

நீங்களும் போன் போட்டு, "பொட்டப்புள்ளைக்கு எதுக்குடே காந்தம்"னு கேட்டிய. சயான் ஸ்டேஷன்ல கூட்டம் எத்தனை தாலியைக் கழுத்தோட சேத்து இழுக்கு, ரயிலை நிறுத்தச் சொன்னாரா உங்க சுரேந்திரன்? ஷாலினி அழுதுட்டே, "படிப்பை விட்டுருதேம்ப்பா, உங்களுக்கு அவமானம் வேண்டாம்"னா. போயி புஸ்தகத்தை எடுன்னு சத்தம் போட்டேன் அத்தான். அவ விட மாட்டா, விட நானும் சம்மதிக்க மாட்டேன். அந்த வீட்டு வாசப்படியை இனி மிதிக்கவும் மாட்டேன். உங்களுக்குக் கோவம்னா அக்காவுக்கு நான் அனுப்புத பொங்கப்படிச் சீரை வாங்க வேண்டாம், நான் கவலையில்லாம பிந்தாஸா இருப்பேன்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி. உங்க காலைத் தொட்டுச் சொல்லுதேன், இந்தப் பேச்சை இனி எடுக்காதிய.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்
இசக்கிதுரை

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகையில செண்பகவல்லியம்மா ஒத்தையில ரயிலேறி என் பட்டறைக்கே வந்துட்டாவ. "நான் பயந்தேன்னு யாரு சொன்னா? பயந்தது அவருதான். என்னை இதுவரைக்கும் ஒருத்தரும் இந்த மாதிரி எடத்துக்குக் கூட்டிட்டுப் போனதில்ல. அந்தத் துகளைப் பத்தி நெறைய கேக்கணும்னு இருந்தேன், அதுக்குள்ள இழுத்துட்டு வந்துட்டாரு"ன்னாவ. ஷாலினி படிப்பை விட்டா மருமகளா எடுக்க மாட்டாவளாம், அதான் அவுக கண்டிஷன். முகூர்த்தத்துக்கு நாள் பார்த்து எழுதுங்க அத்தான்.