அட்டை கிழிஞ்ச நாவல்

பியூலா மிஸ் பக்கத்தைத் திருப்பிட்டாங்க. போச்சு. முதல் பக்கம் மட்டும்தான் நாவல். மிச்சம் நூத்தி இருபது பக்கமும் கோழி வளர்ப்பு.

இது நடந்தது இன்னிக்குக் காலைல. இப்ப ராத்திரி பதினொண்ணரை. தூக்கம் வராம இதை டைப் பண்றேன்.

போன திங்கக்கிழமை ஆரம்பிச்சுது. "பிடிச்ச நாவல், அதோட முதல் வரி. ஒவ்வொருத்தரா சொல்லுங்க"ன்னாங்க மிஸ். நான் நாவலே படிச்சதில்ல. ஓசூர்லேருந்து தாம்பரம் வந்து ரெண்டு மாசம். கிளாஸ்ல "கொஞ்சம் தள்ளு" தவிர யாரும் எங்கிட்ட எதுவும் பேசினதில்ல. என் முறை வந்ததும் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்:

"இரண்டு மாதமாக யாரும் கூப்பிடாததால், அவள் தன் பெயரைத் தானே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்."

கிளாஸே திரும்பிப் பார்த்துச்சு.

"என்ன நாவல் மாளவிகா?"

"தெரியல மிஸ். அட்டை கிழிஞ்சிடுச்சு."

"பரவால்ல, கொண்டு வா. எல்லாரும் படிக்கலாம்."

அன்னிக்கு லன்ச்ல மூணு பேர் டிபன் பாக்ஸோட என் பக்கத்துல வந்து உக்காந்தாங்க. "படிச்சிட்டு எனக்குத்தான்டி ஃபர்ஸ்ட் தரணும்"னா நித்யஸ்ரீ. இதுக்கப்புறம் உண்மையை எப்படிச் சொல்றது?

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைல அட்டை இல்லாத பழைய புக் ஒண்ணு வாங்கினேன். செம மழை, உள்ள என்னன்னு பாக்கல. வெறும் தாளா இருந்த முதல் பக்கத்தைக் கிழிச்சிட்டு, என் வரியை ஜெராக்ஸ் கடைல டைப் அடிச்சு அந்த இடத்துல ஒட்டினேன். அப்புறம்தான் அடுத்த பக்கத்தைப் பார்த்தேன். கோழிக்குத் தீவனம் வைக்கிற முறை!

இன்னிக்கு கிளாஸ்ல, வீட்ல மறந்துட்டேன்னு சொல்ல ரெடியா இருந்தேன். நித்யஸ்ரீ என் பைலேருந்து உருவி மிஸ் கைல குடுத்துட்டா.

மிஸ் படிச்சாங்க: "தனியாக அடைத்த கோழி சரியாக இரை எடுக்காது. ஒன்று கொத்துவதைப் பார்த்துத்தான் இன்னொன்று கொத்தும்."

நித்யஸ்ரீ கையைத் தூக்கினா.

"மிஸ், கோழின்னா அந்தப் பொண்ணுதானே?"

மிஸ் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க. "ஆமாம்மா." அடுத்த வரி: "ஆறாவது வாரம் அலகின் நுனியை வெட்டிவிட வேண்டும்."

"ஐயோ, அவளைப் பேசவே விடமாட்டாங்க போல மிஸ்!"

"ஆண்டு விழாவுக்கு இதையே நாடகமாப் போடறோம்"னாங்க மிஸ். "எழுதினவங்க யாருன்னு நானே தேடிக் கண்டுபிடிக்கிறேன்."

இப்ப, அஞ்சு நிமிஷம் முன்னாடி, போன்ல ஒரு மெசேஜ். கடைசி பெஞ்ச் எப்சி. அவ குரலைக்கூட நான் கேட்டதில்ல.

"ஊரப்பாக்கம் தாண்டி எங்கப்பாவுக்குக் கோழிப்பண்ணை. அந்த புக் எங்க வீட்ல இருக்கு."

உடனே பதில் போட்டேன். "ப்ளீஸ் எப்சி, யார்கிட்டயும் சொல்லாத. மறுபடி யாரும் எங்கூட சாப்பிட மாட்டாங்க."

டைப் பண்றா. நிறுத்தறா. திரும்பவும் டைப் பண்றா.

"சொல்ல மாட்டேன்டி. ஆனா முதல் வரி எங்க புக்ல இல்லையே. அதுக்கு ரெண்டாவது வரி என்ன?"