மாப்பிள்ளை அடைத்த பல்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதுவது. நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள். இங்கே உங்கள் அத்தை சௌக்கியம். நானும் சௌக்கியம், இடது பக்கக் கீழ்த்தாடை நீங்கலாக.

போன வாரம் என் கடைவாய்ப் பல்லின் சொத்தையைச் சுரண்டி அடைத்து அனுப்பினீர்கள். வேலையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மாப்பிள்ளையைக் குறை சொல்லும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. ஆனால் அன்று நீங்கள் செய்தது நியாயமா? முதலில் ஊசி போட்டு என் பாதி முகத்தைப் பறித்துக்கொண்டீர்கள். உதடு இருக்கிறதா, கழற்றித் தட்டில் வைத்துவிட்டீர்களா என்றே தெரியாமல் கிடந்தவனின் பல்லுக்கு நடுவே ஒரு நீலத்தாளை வைத்து, "கடிச்சுப் பாருங்க மாமா, எங்கயாவது இடிக்குதா?" என்று கேட்டீர்கள். இது மாமனாரிடம் கேட்கிற கேள்வியா? முதல் முறையாக உங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், பக்கத்தில் உங்கள் உதவியாளர் பெண் நிற்கிறாள், வெளியே நாலு பேர் காத்திருக்கிறார்கள். "இடிக்குது" என்று சொன்னால் உங்கள் மரியாதை என்ன ஆவது? "அருமையா இருக்கு மாப்பிள்ளை" என்றேன். எந்த மாமனாரும் அதைத்தான் சொல்வார். நீங்களோ உடனே கையுறையைக் கழற்றிவிட்டீர்கள்! நான் யாரிடமும் படிக்காமல் கதவு மாட்டக் கற்றுக்கொண்டவன். மாட்டிய பிறகு வீட்டுக்காரரிடம் "சரியா?" என்று கேட்டதே இல்லை, நானே பத்துத் தடவை திறந்து மூடிப் பார்ப்பேன். நீங்களும் என்னைத் திறந்து மூடிப் பார்த்திருக்கலாம்.

மரப்பு விட்டதும் வினை தெரிந்தது. வாயை மூடினால் அந்த ஒரு பல்தான் முந்திக்கொண்டு போய் மேல்பல்லை முட்டுகிறது, மற்றவை வேடிக்கை பார்க்கின்றன. தண்ணீர் குடித்தால் காதுவரை சுள்ளென்கிறது. மகள் போனில், "அப்பா, பல்லு எப்படி இருக்கு? அவர் கேக்கச் சொன்னார்" என்றாள். அவர் கேட்கச் சொன்னார் என்ற பிறகு நான் என்ன சொல்வது? "பூ மாதிரி இருக்கும்மா" என்றேன். இதற்கிடையில் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற கண்டக்டர் வந்து சேர்ந்தார். அவருக்கும் சொத்தை, என் வாயைப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வருவதாக உத்தேசம். வறுத்த கடலையை நீட்டி, "எங்க, அடைச்ச பக்கமே கடிங்க பாப்போம்" என்றார். கடித்தேன். கண்ணீர் பொலபொலவென்று கொட்டிவிட்டது. "என்ன சார், அழுறீங்க?" என்றார். "மாப்பிள்ளையை நெனச்சேன், தாங்கல" என்றேன். மனுஷன் நெகிழ்ந்துபோய் அங்கேயே உங்களுக்குப் போன் போட்டு நேரம் வாங்கிவிட்டார்.

உங்கள் அத்தை சும்மா இருக்கிறாளா? "பல் டாக்டர்கிட்ட போய் வாயைத் திறக்காம வந்த ஒரே ஆள் நீங்கதான். கொஞ்சம் தேய்ச்சு விட்டா முடிஞ்சுது. போய்ச் சொன்னா கிரீடமா எறங்கிடும்?" என்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்? மறுபடி வந்தால் அன்று சொன்ன "அருமை" பொய்யாகிவிடும். சொன்ன சொல்லை மாற்றுகிறவன் நான் இல்லை. கடவுள் வலது பக்கத்தையும் கொடுத்திருக்கிறார். அதை வைத்தே மிச்ச காலத்தை மென்று தீர்ப்பேன். உங்கள் நாற்காலியில் இனி உட்காரவே மாட்டேன். இது முடிவு.

இருவருக்கும் என் ஆசிகள். உங்கள் தொழில் மேன்மேலும் உயரட்டும். அடைப்பு மட்டும் இருக்கிற உயரத்தோடு நிற்கட்டும்.

இப்படிக்கு,
வாயை மூட முடியாத மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் அத்தை இதைப் படித்துவிட்டாள். நாளைக் காலை என்னை அழைத்து வருகிறாளாம். கடிதத்தையும் கையோடு கொண்டுவருகிறேன், படித்துவிட்டு வேலையைத் தொடங்கவும். "இடிக்குதா?" என்று கேட்டால் நான் "அருமை" என்றுதான் சொல்வேன், அதை மாற்ற முடியாது. நீங்கள் பாட்டுக்குத் தேய்த்துக்கொண்டே இருங்கள். நாளை நான் சொல்லும் முதல் இரண்டு "அருமை"யும் மரியாதைக்கு. மூன்றாவதுதான் பல்லுக்கு.