நானூற்று எண்பது கிராமில் ஒரு மலைப் பை

தராசை வைத்துப் பிழைக்கிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. கையில் எது கிடைத்தாலும் நிறுத்துப் பார்க்காமல் இருக்க முடியாது. எனக்கு அந்த வியாதி முற்றிப்போய், ஒரு தடவை சாமி காரியத்திலேயே கொண்டுபோய் விட்டுவிட்டது. எட்டாம் வகுப்போடு நின்றதால் இப்படி ஆயிற்று என்று சொல்ல மாட்டேன். மேலே படித்திருந்தால் இதையே இன்னும் நுணுக்கமாகச் செய்து தொலைத்திருப்பேன்.

ஆவுடையார்கோவிலில் எனக்குச் சின்னதாக ஒரு மளிகைக் கடை. என் மகள் தெய்வானைக்குக் கல்யாணமாகி ஆறு வருடமாகப் பிள்ளை இல்லை. என் வீட்டுக்காரி லெட்சுமி வேண்டாத சாமி கிடையாது. கடைசியில் சதுரகிரி மகாலிங்கத்திடம், "எம் மக வயித்துல ஒரு உசுரு தங்குச்சுன்னா, அவ அப்பாவே தன் கையால எண்ணெய் கொண்டாந்து ஒனக்கு வெளக்கேத்துவாரு" என்று வேண்டிக்கொண்டாள். (என்னைக் கேட்கவில்லை. சாமியும் கேட்கவில்லை.)

தங்கியது. ஐந்தாம் மாதம் நடக்கும்போதே லெட்சுமி பறக்க ஆரம்பித்தாள். பேறுகாலத்துக்கு முன்னால் வேண்டுதலை முடித்தாக வேண்டும். பாக்கி வைத்தால் பிள்ளைக்கு ஆகாது. இலுப்பை முத்தை அவளே பொறுக்கிக் காயவைத்து, செக்கில் கொடுத்து ஆட்டி, இரண்டு லிட்டர் எண்ணெயைத் தூக்குவாளியில் ஊற்றி, மூடியில் மஞ்சள் துணியும் கட்டிவிட்டாள்.

என் பங்குக்கு நான் மலையேறுவது எப்படி என்று செல்போனில் பார்த்தேன். ஒரு ஒல்லிப் பையன் வீடியோவில் வந்து, முதுகுச் சுமையில் ஒரு கிராம் கூடினாலும் அது முழங்காலைத் தின்றுவிடும் என்றான். பல்துலக்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியில் அறுத்து, "ஆறு கிராம் மிச்சம்!" என்று சிரித்தான். எனக்கு உடம்பு புல்லரித்துவிட்டது. என்னைப்போல் ஒருத்தன் உலகத்தில் இருக்கிறான்! மலைக்கென்றே எடை குறைந்த பைகள் இருப்பதாக அவன் சொல்லி முடிப்பதற்குள் நான் திருச்சி பஸ்ஸில் இருந்தேன்.

அங்கே மலையேறும் சாமான் விற்கிற கடையில் பையை லிட்டரில் சொன்னார்கள். இது முப்பது லிட்டர், அது நாற்பது லிட்டர். நான் லிட்டரில் விற்கிறது எண்ணெய் மட்டும்தான். "எடை எவ்வளவு தம்பி?" என்று கேட்டால், விற்கிற தம்பி எல்லாப் பைக்கும் "ரொம்ப லைட் சார்" என்றார். வியாபாரம் பண்ணுகிறவன் அப்படிப் பேசலாமா? அங்கே இருந்த ஐந்து பைகளையும் தோளில் மாட்டிக்கொண்டு, அந்தத் தம்பியையும் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு எதிர்ச்சாரிக் காய்கறிக் கடைக்குப் போனேன். தக்காளியை இறக்கிவிட்டு ஒவ்வொரு பையாகத் தட்டில் வைத்தேன்.

காய்கறிக்காரர், "அண்ணே, இதக் கிலோ என்னான்னு குடுக்குறாங்க? வாங்கிப் போட்டா விக்குமா?" என்று கேட்டார்.

நானூற்று எண்பது கிராமில் ஒன்று நின்றது. வெங்காயத் தோல் மாதிரி துணி, கிளிப்பச்சை நிறம். உள்ளே தண்ணீர் ஊற்றிக்கொள்ள ஒரு ரப்பர் பை. அதிலிருந்து ஒரு குழாய் தோள்வழியாக வாய்க்கு நேரே வரும். நடந்துகொண்டே உறிஞ்சலாம். குடித்த பிறகு குழாய்க்குள் ஒரு ஊது ஊதினால் மிச்சத் தண்ணீர் உள்ளே திரும்பிவிடும் என்று அந்தத் தம்பி செய்து காட்டினார். எனக்கு அது விஞ்ஞானத்தின் உச்சமாகத் தெரிந்தது.

வீட்டில் காட்டினேன். லெட்சுமி பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பை அரைக்கிலோ கொறஞ்சிருச்சு, சரி. வயித்துல இருவது கிலோ கெடக்கே, அத எங்கிட்டுக் கழட்டி வைக்கப் போறீங்க?"

அதற்கெல்லாம் நான் அசரவில்லை. பத்து நாள் விடியற்காலையில் பையை மாட்டி, ஊரணியைச் சுற்றிச் சுற்றி வந்து பழகினேன். இருபது அடி, ஒரு உறிஞ்சு, ஒரு ஊது. பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "என்னண்ணே, குளுக்கோஸ் ஏத்திக்கிட்டே நடக்குறீங்க? ஆஸ்பத்திரியில எடம் இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பௌர்ணமியன்று விடியலில் மலையடிவாரத்தில் இறங்கினோம். பன்னிரண்டு மணிக்கு மேல் அடிவார வாசலைச் சாத்திவிடுவார்கள், யாரையும் ஏறவிட மாட்டார்கள் என்றார்கள். நாங்கள் வந்ததோ ஆறரைக்கு. லெட்சுமி குளிக்கப் போனாள். நான் எண்ணெய்த் தூக்குவாளியைப் பைக்குள் வைத்தேன். அங்கேதான் வியாதி தலைதூக்கியது. அந்த வாளியின் வெறும் எடை எனக்குத் தெரியும். ஐந்நூற்று நாற்பது கிராம். அதாவது பையைவிட அறுபது கிராம் அதிகம்! இதைச் சுமப்பதற்கா திருச்சிக்குப் போய் அந்தப் பாடுபட்டேன்? ரப்பர் பையோ சும்மாதான் கிடந்தது. குடிதண்ணீர் லெட்சுமியின் கட்டைப்பையில் இருந்தது.

ரப்பர் பையைக் கழுவித் துடைத்து, "சிவ சிவா" என்று சொல்லியே எண்ணெயை அதில் ஊற்றினேன். (பக்தியில் ஒரு குறையும் வைக்கவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.) காலி வாளியை அங்கே பூக்கடை வைத்திருந்த அம்மாவிடம் கொடுத்து வைத்தேன். லெட்சுமியிடம் மூச்சு விடவில்லை.

ஏறினோம். முக்கால் மணி நேரம் ஏறியிருப்போம். பாறைப் படியில் எனக்கு நாக்கு வறண்டு, கண் இருட்டிக்கொண்டு வந்தது. பத்து நாள் பழக்கம் சும்மா இருக்குமா? கை தானாகக் குழாயைப் பிடித்தது, வாய் தானாகத் திறந்தது. ஆழமாக ஒரு உறிஞ்சு.

இலுப்பை எண்ணெய் எப்படி இருக்கும் என்று நான் எழுத மாட்டேன். சாமிக்கு ஏற்றுகிற பொருளைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் அந்த நேரத்திலும் பழக்கம் விடவில்லை பாருங்கள், வாயில் இருந்ததில் பாதியைத் திரும்பக் குழாய்க்குள்ளேயே ஊதிவிட்டேன்.

பிறகுதான் என்ன செய்திருக்கிறேன் என்று உறைத்தது. சாமிக்குக் கொண்டுபோகிற எண்ணெயை எச்சில் பண்ணிவிட்டேன்.

லெட்சுமி பத்தடி பின்னால் வந்துகொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. வாயைத் துடைத்துக்கொண்டு நடந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் தெய்வானையின் முகம் கண்முன்னே வந்து நின்றது. பாறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் குழாயை எடுத்து முகர்ந்து பார்த்தாள். நான்தான் வக்கீல் மாதிரி ஆரம்பித்தேன். "கொழாயில நின்னதுதான் லெட்சுமி எச்சி. உள்ள இருக்கது சுத்தமாத்தான் இருக்கும்."

"ஏங்க, பத்து நாளா ஊரணியச் சுத்தி இதத்தான உறிஞ்சிக்கிட்டுத் திரிஞ்சீங்க?"

நான் அதை யோசிக்கவே இல்லை. ஊற்றும்போதே எச்சில்!

"ரெண்டு மாசமா ஒவ்வொரு முத்தாப் பொறுக்குனேங்க" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளே மறுபடி சொன்னாள்: "எண்ணெய் எதுவா இருந்தா என்ன. ஒங்க கையால வரணும்னுதான் நான் வேண்டுனது. கீழ போயி வாங்கிட்டு வாங்க. நான் இங்கனயே இருக்கேன். அந்தப் பைய மட்டும் இங்கிட்டுக் குடுங்க. தொட்டீங்க, அப்புறம் பாத்துக்கங்க!"

இறங்கினேன். பூக்கடை அம்மா என்னைப் பார்த்து, "என்னங்கய்யா, அதுக்குள்ளயா சாமி பாத்துட்டீங்க?" என்றார். அவர் கடையிலேயே இருந்த நல்லெண்ணெயை எங்கள் வாளியில் வாங்கிக்கொண்டு திரும்பினேன். ஏறுகிற கூட்டம் அதற்குள் பெருகி, வாசலில் வரிசை நீண்டுவிட்டது. மணியைப் பார்ப்பதும், தெய்வானையை நினைப்பதும், "அரோகரா" சொல்வதுமாக நகர்ந்து, பதினொன்றரைக்கு உள்ளே நுழைந்தேன். முதுகில் ஒன்றுமில்லை, கையில் வாளி. கை மாறி மாறிக் கடுத்தது. ஆனால் ஒரு இடத்திலும் நான் அதைக் கீழே வைக்கவில்லை.

லெட்சுமி அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்துப் போனால், பாறையைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கிளிப்பச்சைப் பையைக் கிளையில் தொங்கவிட்டு, குழாயைத் திறந்து, ஒவ்வொருத்தர் முழங்காலுக்கும் இலுப்பை எண்ணெய் விட்டுத் தேய்க்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என் வீட்டுக்காரி.

"லெட்சுமி, அது எச்சி..." என்று இழுத்தேன்.

"சாமிக்குத்தான் ஆகாது. முட்டிக்கு ஆகும். நீங்களும் வந்து ஒக்காருங்க."

உட்கார்ந்தேன். எண்ணெயை அவளே தேய்த்துவிட்டாள். சாயங்காலம் சன்னதியில் விளக்கேற்றும்போது மலைக்காற்றில் தீக்குச்சி இரண்டு தடவை அணைந்தது. மூன்றாவதில் திரி பற்றியது. லெட்சுமி என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு மாதம் கழித்துப் பேத்தி பிறந்தாள். மகாலிங்கம் புண்ணியத்தில் பேறுகாலம் சுகமாக முடிந்தது. மலைக்கதையை லெட்சுமி ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். இன்றைக்கும் கடையில் எண்ணெய் வாங்க வருகிறவர்கள், "அண்ணே, வாய் வைக்காததாக் குடுங்க" என்றுதான் கேட்கிறார்கள்.

பேத்திக்கு இப்போது நாலு வயது. பள்ளிக்கூடத்துக்குக் குழாய் வைத்த தண்ணீர் பாட்டில் கொண்டுபோகிறாள். போன வாரம் கடையில் உட்கார்ந்து அதைக் குடித்துவிட்டு, எஞ்சியதைக் குழாய்க்குள்ளேயே புஸ்ஸென்று ஊதினாள். "அப்படி ஊதக் கூடாது தங்கம், எச்சி" என்று சொன்னேன்.

நாலு வாடிக்கைக்காரர்கள் நிற்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் அந்தக் குட்டி என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னது: "தாத்தா, நான் சாமிக்கா கொண்டு போறேன்?"