குருவி தலையில் அலாய் வீல்

பெருமதிப்பிற்குரிய அண்ணன் அவர்களின் சமூகத்துக்குத் தங்கை பணிவுடன் எழுதிக்கொள்வது.

நாங்கள் இருவரும் உடம்பளவில் சௌக்கியம். தாங்களும் அண்ணியும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஏனென்றால் அங்கே இருக்கிற குறைகளையெல்லாம் நீங்கள் யோசனை என்று பெயர் வைத்து எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறீர்கள். போனில் பேசினால் "இரு, நான் சொல்றத முதல்ல கேளு" என்று ஆரம்பித்துவிடுவீர்கள் என்பதால் காகிதத்தில் எழுதுகிறேன். காகிதத்துக்குள் குறுக்கே பேச முடியாது.

விஷயம் என் காரைப் பற்றியது. என் கார் என்றால், என் சம்பாத்தியத்தில் வாங்கி, நானே ஓட்டி, நானே கழுவி, முழங்காலும் தோளும் பிடித்துக்கொண்டவர்களின் வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுக்கிற என் பிசியோதெரபி வேலைக்கு நான் எடுத்துப் போகிற அந்தச் சின்னக் கார். மூன்று பேர் உட்கார்ந்துவிட்டால் நாலாவது ஆள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் வர வேண்டும், அவ்வளவு சின்னது. மழை தொடங்கிய புதிதில் ஒரு நாள் அடுக்குமாடி வாசலில் பிரேக்கை மிதித்தேன். கார் நிற்கலாமா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, இரும்புக் கேட்டில் போய் முட்டிய பிறகுதான் நின்றது. இறங்கிப் பார்த்தால் டயர் நாலும் என் வீட்டுக்காரரின், அதாவது உங்கள் மாப்பிள்ளையின், தலையைப் போல மழமழவென்று இருந்தன. வீல்களும் துருவேறி ஓரம் நெளிந்திருந்தன. அதே அளவில் இரும்பு வீலும் டயரும் புதிதாக வாங்கி மாட்டினால் தீர்ந்தது என்றுதான் நான் நினைத்தேன். அன்றைக்கென்று பார்த்து நீங்கள் வீடியோவில் வந்தீர்கள். வீலைச் சின்னதாக வைத்திருப்பதால்தான் ரோட்டில் ஒருத்தரும் எனக்கு வழிவிடுவதில்லை என்றும், வீலைப் பெரிதாக்கினால் வண்டிக்கே ஒரு கம்பீரம் வந்துவிடும் என்றும், மாற்றுவதுதான் மாற்றுகிறோம், பளபளவென்று அலாய் வீலாகவே மாட்டிவிட வேண்டும் என்றும் சொன்னீர்கள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. கம்பெனி காரின் பின்சீட்டில் சாய்ந்துகொண்டு, முன்னால் டிரைவர் ஓட்ட, பேப்பர் படித்துக்கொண்டே போகிற உங்களுக்குச் சக்கரம் உருண்டையாக இருக்கும் என்பதைத் தவிர வேறென்ன தெரியும் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மரியாதை தெரிந்தவளாக வளர்த்துவிட்டார்கள்.

நீங்கள் போனை வைத்ததும் உங்கள் மாப்பிள்ளைக்கு ஞானம் பிறந்துவிட்டது. அவருக்கு ஓட்டத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் அந்த ஸ்டீயரிங்கில் அவர் கை பட்டது தூசி துடைத்த அன்று மட்டும்தான், அதுவும் நான் இரண்டு தடவை சொன்ன பிறகு. அப்பேர்ப்பட்டவர் ராப்பகலாக டயர் வீடியோ பார்த்து, ஆப்செட் என்று ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டார். வீல் உள்ளே தள்ளி உட்காருமா, வெளியே துருத்திக்கொண்டு நிற்குமா என்கிற கணக்காம். சாப்பாட்டு மேசையில் உப்பைக் கேட்டால் ஆப்செட் என்கிறார், கரண்டு பில் கட்டியாச்சா என்றால் அதற்கும் ஆப்செட் என்கிறார்.

கடைக்குப் போனோம். கடைக்காரருக்கு நான் வைத்த பெயர் கேரண்டி, ஏனென்றால் அவர் வாயில் வேறு சொல்லே வரவில்லை. சுவர் முழுக்க வீல்களை மாட்டி வைத்திருந்தார். பூப்போட்டது, நட்சத்திரம் போட்டது, கத்திகளை வட்டமாக அடுக்கிவைத்த மாதிரி ஒன்று. எனக்கு எந்த அளவு வேண்டும் என்பது டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் அங்கே ஒட்டியிருக்கிற தாளிலேயே இருக்கிறது என்று நான் காட்டினேன். அது கார் கம்பெனிக்காரன் மிச்சம் பிடிப்பதற்காக ஒட்டியது சார் என்று கேரண்டி உங்கள் மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னார். கேட்டது நான், பதில் அவருக்கு. கடைசிவரை அப்படியே நடந்தது. அதற்குள் நீங்களும் வீடியோவில் வந்துவிட்டீர்கள். ஆண்கள் மூன்று பேரும் கூடி அந்தக் கத்தி வீலில், இரண்டு அளவு பெரியதாக, அகலமான டயரோடு முடிவு செய்தீர்கள். பிறகு கேரண்டி என் பக்கம் திரும்பி, மேடத்துக்கு என்ன கலர் பிடிக்கும் என்று கேட்டார். அதுதான் எனக்குக் கிடைத்த ஒரே ஓட்டு.

மாட்டி இறக்கியதும் கார் அப்பாவின் பூட்ஸை எடுத்து மாட்டிக்கொண்ட குழந்தை மாதிரி நின்றது. கடை வாசலிலேயே வலது பக்கம் ஒடித்தேன், கர்ரென்று ஒரு சத்தம். டயர் உள் தகட்டில் உரசுகிறது. போகப் போகத் தேய்ந்து சரியாகிவிடும், கேரண்டி என்றார். எது தேயும், டயரா காரா என்று கேட்டேன். "நல்ல கேள்வி சார்" என்று உங்கள் மாப்பிள்ளையிடம் சொன்னார்.

அன்றிலிருந்து என் பிழைப்பு சிரிப்பாய்ச் சிரித்தது. ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது, பெட்ரோல் முள் பார்க்கப் பார்க்க இறங்கியது, மேட்டில் ஏறச் சொன்னால் கார் என்னைத் தள்ளச் சொன்னது. டயரின் பக்கவாட்டுச் சதை ஒரு பெல்ட் அகலம்தான் என்பதால் ரோட்டில் கிடக்கிற கூழாங்கல் ஒவ்வொன்றும் என் முதுகெலும்பில் கையெழுத்துப் போட்டது. குருவி தலையில் பனங்காய் என்று படித்திருக்கிறோமே, அந்தக் குருவி நான்தான். உங்கள் மாப்பிள்ளையிடம் சொன்னேன். வலது பக்கம் திரும்பாமல் போகிற மாதிரி வழியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். நம்ப மாட்டீர்கள், நானும் கொஞ்ச நாள் அப்படியே போனேன். எதிரே தெரிகிற வீட்டுக்கு ஊரையே இடது பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள், முழங்கால் ஆபரேஷன் ஆன அம்மா ஒருவர் தானாகவே எழுந்து நடந்து வாசலுக்கு வந்து என்னைத் தேடினார். அந்த ஒரு நன்மையை நான் மறைக்கவில்லை. ஆனால் நாளெல்லாம் அடுத்தவர் மூட்டைப் பிடித்துக்கொண்டு "இன்னும் கொஞ்சம் மடக்குங்க" என்று சொல்கிறவள், ரோட்டுக்கு வந்து காரிடம் அதையே கெஞ்சுவது என்ன பிழைப்பு அண்ணா?

போன ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனார் வந்தார். ரயிலடியிலிருந்து அழைத்து வர நானும் உங்கள் மாப்பிள்ளையும் போனோம். ஆள் மூன்று, பெட்டி அதற்கு மேல், வண்டி தாழ்ந்துவிட்டது. ரவுண்டானாவுக்கு இடது பக்கம் சுற்றுகிற வழி கிடையாது. உள்ளே போய் வலது பக்கம் ஒடித்ததும் கர்ரென்று தொடங்கியது, பிறகு கருகல் நாற்றம். என்ன தீய்கிறது என்று நாத்தனார் கேட்டார், புது டயர் என்றால் அப்படித்தான் மணக்கும் என்று அவருடைய தம்பியான உங்கள் மாப்பிள்ளை சமாதானம் சொன்னார். ரவுண்டானாவை விட்டு வெளியே வந்த வேகத்தில் ஒரு பள்ளம். சத்தம் பெரிதாக ஒன்றுமில்லை. இறங்கிப் பார்த்தால் கத்தி வீலின் விளிம்பு அப்பளமாக நெளிந்து, டயர் தரையோடு படுத்துவிட்டது.

ஜாக்கி போட்டவள் நான். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வீல் ஸ்பேனரை மிதித்து நட்டைக் கழற்றினவள் நான். டிக்கியில் இருந்தது பழைய சின்ன ஸ்டெப்னி. அதை மாட்டியதும் நாத்தனார் உட்கார்ந்திருந்த பக்கம் கார் சாய்ந்துவிட்டது, அதை அவர் தன் எடையைப் பற்றிய கேலியாக எடுத்துக்கொண்டார், அந்தப் பாவமும் என் கணக்கில்தான். இதற்கிடையில் உங்கள் மாப்பிள்ளை நிழலில் ஒதுங்கி உங்களுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் இருந்தது உங்களுக்குத் தெரிந்திருக்காது.

"வீல்ல ஒரு குறையும் இல்ல மாப்பிள்ள. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். ஓட்டுற கைதான் சரியில்ல."

அந்தக் கை முழுக்க அப்போது கிரீஸ். அந்தக் கையாலேயே நட்டை முறுக்கினேன். கூடம் நிஜமாகவே கோணல் அண்ணா, நான் என் கண்ணால் பார்த்தேன். அதைவிட, என் புருஷன் "ஆமா மச்சான்" என்று சொன்னதையும் என் காதால் கேட்டேன்.

மறுநாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் வேறொரு கடைக்குப் போனேன். கதவோரத் தாளில் போட்டிருக்கிற அளவில் சாதாரண இரும்பு வீலும் டயரும் கேட்டேன். கடைக்காரர் என் பின்னால் எட்டிப் பார்த்து, "சார் வரலையா மேடம்?" என்றார்.

"சாருக்கு ஓட்டத் தெரியாதுங்க" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் என்னிடமே பேசினார். இப்போது கார் சத்தமில்லாமல் ஓடுகிறது, ஒற்றைக் கையால் திருப்பலாம், வலது பக்கம் என்று ஒரு திசை இருப்பதை மறுபடியும் கண்டுகொண்டேன். நெளிந்ததையும் சேர்த்து நாலு கத்தி வீலையும் பார்சல் வண்டியில் உங்கள் விலாசத்துக்கு அனுப்புகிறேன். பின்சீட்டில் பக்கத்தில் வைத்துக்கொண்டு கம்பீரமாகப் போய் வாருங்கள். இனி என் காரைப் பற்றி உங்கள் வாயிலிருந்து ஒரு சொல் வந்தாலும், அண்ணன் என்று பார்க்க மாட்டேன். இது என் கடைசிப் பேச்சு.

அண்ணிக்கு என் அன்பு, அவராவது உங்களை நடுநடுவே அடக்கட்டும். பிள்ளைகள் நன்றாகப் படித்து, சீக்கிரம் ஓட்டக் கற்றுக்கொண்டு, நல்லபடி இருக்க வேண்டும். தங்கள் நீண்ட ஆயுளையும் குறைந்த பேச்சையும் வேண்டும்,

தங்கை

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் ஒரு விஷயம். இன்று மதியம், எனக்கு ஆட்களை அனுப்பிவைக்கிற ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். கத்தி வீல் மாட்டிய நாளிலிருந்து என்னைக் கண்டதும் கேட்டை இரண்டு பக்கமும் திறந்து சல்யூட் வைத்த செக்யூரிட்டி, இன்று சல்யூட்டும் வைக்கவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. "சாமான் இறக்குற வண்டியெல்லாம் பின்பக்கமாப் போங்கம்மா" என்றார். பார்சல் வண்டிக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அந்தக் கத்தி வீல் என் சின்ன அளவில் கிடைக்குமா என்று கொஞ்சம் விசாரித்துச் சொல்லுங்கள். நான் கேட்டதாக உங்கள் மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டாம். கலர் மட்டும் நானே சொல்கிறேன்.