ப்ளைவுட்டில் வந்திறங்கிய அத்தை

புதன்கிழமை, காலை

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். உங்கள் அத்தையும் என்னோடு பேசாமல் நலமாக இருக்கிறாள். அங்கே நீங்களும் என் மகளும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். போனில் நான் எதைச் சொன்னாலும் "சரி மாமா, சரி மாமா" என்கிறீர்கள். பின்னாலேயே உங்கள் அலுவலகக் கூட்டத்தில் யாரோ பேசுவது கேட்கிறது. தவிர, இந்த வீட்டில் நான் பேசும் போன் பேச்சு எனக்கும் உங்களுக்கும் நடுவில் மட்டும் நின்றதாகச் சரித்திரமே இல்லை. ஆகவே தயவுசெய்து ஓரிடத்தில் உட்கார்ந்து முழுவதும் படிக்கவும்.

அத்தைக்கு வலது தோள் இறுகிப்போன கதை உங்களுக்குத் தெரியும். மருந்து, பயிற்சி எல்லாம் நடக்கிறது. கை மட்டும் தோளைத் தாண்டி மேலே போக மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. உங்களுக்குத் தெரியாத கதை இனிமேல்தான். தையல் அறையில் நூல்கண்டுகள் வைத்திருக்கும் பலகை ஜன்னலுக்கு மேலே, அவள் தலைக்கும் மேலே இருக்கிறது. முப்பது வருடமாகத் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி எடுத்துவந்தவள், இப்போது ஒவ்வொரு கண்டுக்கும் என்னைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. ஒருவரைக் கூப்பிட்டு ஒன்று கேட்பது என்பது அவளுக்கு ஜென்மத்தில் ஆகாத காரியம். அப்படியே கேட்டாலும், கருநீலம் கேட்டால் நான் கறுப்பைக் கொடுக்கிறேனாம். பலகையைக் கீழே இறக்கலாமென்றால் ஜன்னல் அடைபட்டுத் தையலுக்கு வெளிச்சம் போய்விடும். இரண்டு மாதத்துக்கு முன் ஒருநாள் தட்டைக் கழுவிக்கொண்டே, "மெஷினைக் குடுத்துடலாம்னு பாக்கறேங்க. சீருடைக் கடைக்காரம்மா கேட்டுட்டே இருக்காங்க. பள்ளிக்கூடம் திறந்த பெறகு ஒரு வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கறாங்களாம்" என்றாள். நானும் "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். முப்பத்தாறு வருட இல்லறத்தில் நான் சொன்ன பொய்களில் அதுதான் பெரிய பொய். அந்த மெஷின் சத்தம் இல்லாத வீட்டில் என்னால் இருக்க முடியாது மாப்பிள்ளை. அவளாலும் முடியாது. அந்த வெள்ளிக்கிழமை நாளை மறுநாள்.

இழுத்தால் கீழே இறங்கி, விட்டால் மேலே போய் நிற்கும் ஒரு தட்டு செய்வது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். கடையில் விற்கும் தட்டு எங்கள் ஜன்னலுக்கு மேல் அடங்காது; மூன்று முறை அளந்தேன். காரணத்தை அவளிடம் சொன்னால் "எனக்காக ஒண்ணும் வேண்டாம்" என்பாள். ஆகவே பொழுதுபோக்குக்காகக் கம்ப்யூட்டரில் வரையக் கற்றுக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்தேன். வீட்டில் சும்மா இருப்பவன் பொழுதுபோக்குக்கு அதிகம் செலவழிக்கக் கூடாது என்பதால், குறைந்த செலவில் நல்ல மென்பொருள் ஒன்று சொல்லுங்கள் என்று உங்களைக் கேட்டேன். நீங்கள் என்ன செய்தீர்கள்? உங்கள் அலுவலகத்தில் பாலம் வரையும் மென்பொருளைச் சொன்னீர்கள். "முப்பது நாள் இலவசம் மாமா, அதுக்குள்ள வரையவே கத்துக்கிடலாம்" என்றீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. மாமனாரின் சுபாவம் தெரியாத மாப்பிள்ளை நீங்கள். நான் முப்பத்து மூன்று வருடம் எடையளவு ஆய்வாளராக இருந்தவன். ஊரில் உள்ள தராசுகளையெல்லாம் சோதித்து முத்திரை குத்தியவன். கடைசி வரி வரை படிக்காமல் எதற்கும் சம்மதம் சொன்னவன் இல்லை. மென்பொருளை இறக்கியதும் 'விதிமுறைகளைப் படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு பொத்தான் வந்தது. படிக்காமல் படித்தேன் என்று எப்படி அழுத்துவது? அகராதியை வைத்துக்கொண்டு, குறிப்பெடுத்து, நிதானமாகப் படித்தேன். இறக்கிய நாளிலிருந்தே முப்பது நாள் ஓடத் தொடங்கிவிடும் என்பது நாற்பத்தொன்றாம் பத்தியில் இருந்தது. அதை நான் படித்தது இருபத்தாறாம் நாள்.

மீதி நான்கு நாளில் ஒரு வட்டம் வரைந்தேன். நல்ல வட்டம். ஐந்தாம் நாள் கதவு சாத்தப்பட்டு, வருடச் சந்தா எவ்வளவு என்று பலகை மாட்டியிருந்தது. அந்தத் தொகைக்கு ஒரு தச்சரை வருடம் முழுவதும் வீட்டிலேயே வைத்துச் சோறு போடலாம். மாணவர்களுக்குச் சலுகை உண்டு என்று ஓரமாக எழுதியிருந்தது. விண்ணப்பத்தில் கல்லூரிப் பெயரை எழுதி, 'படிப்பு முடியும் ஆண்டு' என்ற இடத்தில் நான் படித்து முடித்த ஆண்டை உள்ளபடி எழுதினேன். அரை நிமிடத்தில் நிராகரித்துவிட்டார்கள்.

அடுத்து நானே தேடிப்பிடித்தது, எதையும் இறக்க வேண்டாம், இணையத்திலேயே திறந்து வரையலாம், காலத்துக்கும் இலவசம் என்ற ரகம். இதற்குள் எனக்குக் கொஞ்சம் கை திருந்தியிருந்தது. தட்டையும் அதைத் தாங்கும் கைகளையும் வரைந்தேன். அத்தைக்கு எட்டுமா என்று பார்க்க வேண்டுமே? பக்கவாட்டில் நிற்கும் ஒரு பெண்ணாக அவளையும் வரைந்து, கையை மேலே தூக்கிவைத்தேன். அவளை நிறுத்தி அளந்தால் விஷயம் வெளியே வந்துவிடும். நல்லவேளையாக, ஊரார் அளவெல்லாம் எழுதிவைக்கும் அவளுடைய தையல் நோட்டின் முதல் பக்கத்திலேயே அவள் அளவும் இருந்தது. உயரம், கை நீளம், தோள், இடுப்பு ஒன்று விடாமல் எடுத்துப் படத்தில் ஏற்றினேன். மூன்றாம் நாள் காலையில் திறந்தால் முன்பின் தெரியாத ஒரு ஆசாமி, 'உங்கள் ரோபோ அழகாக இருக்கிறது, நகல் எடுத்துக்கொண்டேன்' என்று எழுதியிருக்கிறார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இலவசமாக வரைந்தால் வரைந்ததையெல்லாம் உலகமே பார்க்கலாம் என்பது ஏற்பாடாம். இந்த ஒரு முறை, அவசரத்தில், விதிமுறையைப் படிக்காமல் அழுத்தியிருந்தேன். உங்கள் அத்தையின் இடுப்பளவு உலகப் பார்வைக்கு இரண்டு நாள் திறந்து கிடந்த விஷயம் உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். உடனே அழித்துவிட்டு, அன்று முழுக்க அவள் முகத்தைப் பார்க்காமல் நடமாடினேன்.

மூன்றாவது, பல தேசத்துக்காரர்கள் சம்பளம் வாங்காமல் கூடிச் செய்து சும்மா கொடுக்கும் மென்பொருள். யாருக்கும் சந்தா இல்லை, வரைந்தது நம் வீட்டுக்குள்ளேயே இருக்கும். செய்தவர்கள் நன்றாக இருக்கட்டும். ஆனால் அதன் குணம் உங்கள் அத்தை குணம்தான். ஒரே அளவை இரண்டு இடத்தில் சொன்னால் எல்லாக் கோடும் சிவந்து போகும். 'முன்னே ஒன்று சொன்னாய், இப்போது ஒன்று சொல்கிறாய்' என்ற பொருளில் ஒரு வரி வரும். எது முன்னே சொன்னது என்று அது சொல்லாது. நாமே உட்கார்ந்து யோசிக்க வேண்டும். பழகிய குணம் என்பதால் பொறுமையாகப் போனேன். ஒன்பது நாளில் சிவப்பெல்லாம் அடங்கி, தட்டுக்கு ஆறு பகுதிகள் தயாராயின. எட்டுகிறதா என்று பார்க்க வரைந்த அத்தை, பகுதி ஏழு.

கம்ப்யூட்டர் படத்தைப் பார்த்து ப்ளைவுட் வெட்டித் தரும் கடை ஒன்று பெட்ரோல் பங்குக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே படத்தை அனுப்பினேன். கடைக்காரர் நல்ல மனிதர், போன் செய்து கேட்கத்தான் செய்தார். "சார், ஏழாவது ஒண்ணு கோணல்மாணலா இருக்கே, அதையும் வெட்டணுமா?" நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? யோசித்தேனா? வேலையில் இருந்தபோது வரும் குரல் வந்துவிட்டது. "படத்துல இருக்கறது எல்லாத்தையும் வெட்டுங்க. ஒரு துண்டு குறைஞ்சாலும் எடுத்துக்க மாட்டேன்" என்றேன்.

இன்று காலை ஏழரை மணிக்கு வேன் வந்தது. நான் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்தது அவள். கையைத் தூக்கிக்கொண்டு தன் உயரத்துக்கு நிற்கும் ஒரு ப்ளைவுட் பெண்ணை வாசலில் பார்த்தாள்.

"இது யாரு?"

"தெரியலம்மா. சீட்டுல பகுதி ஏழுன்னு போட்டிருக்கு. எங்க வைக்கட்டும்?" என்றார் வேன்காரர்.

அவள் அந்த உருவத்தை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம், துண்டோடு வந்து நின்ற என்னைப் பார்த்தாள். "மூக்கு மட்டும் என்னோடது மாதிரி இருக்கு" என்றாள். மறைக்க வழியில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். "உனக்கு எட்டுதான்னு பாக்கத்தான் வரைஞ்சேன்" என்றேன். "மாட்டுங்க பாக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். மாட்டினேன். தட்டு எண்ணெய் போட்டதுபோல் இறங்கி வந்து, ப்ளைவுட் அத்தையின் விரல் நுனியில் மயிரிழை பிசகாமல் நின்றது. முப்பத்து மூன்று வருட வேலையில் அவ்வளவு துல்லியம் நான் பார்த்ததில்லை. பக்கத்தில் நின்று அத்தை கையைத் தூக்கினாள். தட்டுக்கும் அவள் கைக்கும் நடுவில் முழுதாக இரண்டு சாண் இருந்தது.

"இந்த அளவை எங்கேருந்து எடுத்தீங்க?"

"உன் நோட்டுலேருந்துதான்."

"அது கல்யாணமாகி வந்த வருஷம் எழுதினதுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். உள்ளே போய்விட்டாள். கையையும் நான் இறுகிப்போன கையாக வரையவில்லை, பழைய கையாகவே வரைந்திருக்கிறேன். கெடு முடிந்த முத்திரையோடு தராசு வைத்திருந்தார்கள் என்று எத்தனை கடைக்காரர்களை நிற்கவைத்துக் கேள்வி கேட்டிருக்கிறேன் மாப்பிள்ளை! வீட்டில் இருக்கும் மனுஷியை முப்பத்தாறு வருடமாகத் திரும்ப அளந்தே பார்க்கவில்லை. அவளால் முடியாததை ஆளுயரத்தில் வெட்டி வாசலுக்கே வரவழைத்துவிட்டேன். நேரமும் இல்லை, முகமும் இல்லை. இனிமேல் எனக்கு எந்த மென்பொருளும் சிபாரிசு செய்ய வேண்டாம். மூன்றையும் அழித்துவிடப் போகிறேன். வெள்ளிக்கிழமை மெஷின் போகிறது. மகளிடம் இப்போது சொல்ல வேண்டாம். அழுவாள், அவள் அழுதால் இவளும் அழுவாள்.

நீங்கள் இருவரும் ஒற்றுமையாக, கைகால் சுகத்தோடு, கேட்டது கைக்கு எட்டும்படி நீண்ட நாள் வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
வரைவதை விட்டுவிட்ட,
மாமா

பின்குறிப்பு, அடுத்த செவ்வாய்க்கிழமை: தபால்தலை வாங்க மறந்ததால் கடிதம் இங்கேயே கிடந்தது. மேலே எழுதியிருப்பது முழுவதையும் அடித்துவிட்டதாகக் கொள்ளவும். வியாழன் காலை தையல் அறைக்குப் போனால் ப்ளைவுட் அத்தையை வெட்டும் மேசைமேல் படுக்கப்போட்டு, இடது கையில் சாக்குக்கட்டியோடு அத்தை குனிந்துகொண்டிருந்தாள். தூக்கிய கையை அடித்துவிட்டு, தன் கை இப்போது எந்த உயரம் வரை போகுமோ அந்த உயரத்தில் வேறு கை போட்டிருந்தாள். இடுப்பில் தாராளமாக இரண்டு இஞ்ச் கூட்டியிருந்தாள். "திருத்தத் தெரியாதா உங்களுக்கு? அந்தக் கம்ப்யூட்டரைத் திறங்க" என்றாள். தட்டையாக வெட்டிய துணி உடம்பில் எப்படி நிற்கும் என்று முப்பது வருடமாகப் பார்ப்பவளுக்கு இதெல்லாம் ஒரு வித்தையாகவே தெரியவில்லை. நான் இரண்டு மாதத்தில் கற்றதை மத்தியானத்துக்குள் இடது கையாலேயே கற்றுக்கொண்டாள். கதவு சாத்திய முதலாவதை விட்டு மற்ற இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு, இணையத்தில் திறந்து கிடக்கிறதே, அதைத் தேர்ந்தெடுத்தாள். இடுப்பளவு வெளியே போன கதையை நடுங்கிக்கொண்டே சொன்னேன். "பாத்தா பாக்கட்டும். அப்பத்தான் தப்பான அளவு, இப்ப சரியான அளவு" என்றாள்.

வெள்ளிக்கிழமை கடைக்காரம்மா ஆளோடு வந்து நின்றார். "மெஷின் குடுக்கறதா இல்லைங்க, மன்னிச்சுக்குங்க. வேணும்னா தைக்க ஏதாவது குடுத்துட்டுப் போங்க" என்று திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமலே சொல்லி அனுப்பினாள். நேற்றுப் புதிய தட்டை மாட்டியாயிற்று. யாரையும் கூப்பிடாமல் கருநீல நூலை அவளே இழுத்து எடுத்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன், கண் கலங்கிவிட்டது, உங்களிடம் சொல்ல என்ன வெட்கம்.

ஒரே ஒரு குறை. அதைத் தீர்த்துவைக்கத்தான் இப்போது கடிதமே. படம் அவள் பெயரில் இருக்கிறது. எனக்குப் 'பார்க்கலாம், கருத்துச் சொல்லலாம்' என்று அனுமதி கொடுத்திருந்தாள். தட்டு இரண்டு மில்லிமீட்டர் இடப்பக்கம் இறங்கியிருக்கிறது என்று நேற்று ஒரு கருத்துப் போட்டேன். இன்று காலை திறந்தால், பார்க்க மட்டும்தான் அனுமதி இருக்கிறது.